கவனம் ஓடத்தான் போகுது, அதுக்கு ஏத்த மாதிரி படிக்கிறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், நான் ரேங்க் எடுத்த ஆள் கிடையாது. வேலை பாத்துக்கிட்டே ஒரு அக்கவுண்ட்ஸ் பரிட்சைக்குப் படிச்சு, ரெண்டு தடவ கோட்ட விட்டு, மூணாவது தடவ தேறுனவன். அதனால "ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் உக்காரு, சாதிச்சுடலாம்" டைப் அட்வைஸ் இங்க இருக்காது. பத்து நிமிஷம் உக்காந்தாலே புத்தி எங்கயோ மேயப் போயிடுற ஆளுங்களுக்கு, அதாவது என்ன மாதிரி ஆளுங்களுக்கு எழுதுறது இது.

மொத ரெண்டு அட்டெம்ப்ட்லயும் நான் பண்ண தப்பு ஒண்ணுதான். கவனம் சிதறாம இருக்கணும்னு போராடுனேன். சாயங்காலம் 6 மணில இருந்து 10 மணி வரைக்கும்னு கலர் கலரா டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டி, மொத நாளே 6.20க்கு போன கையில எடுத்து, 7 மணிக்கு குற்ற உணர்ச்சி வந்து, "சரி இன்னைக்கு போச்சு, நாளைல இருந்து ஒழுங்கா ஆரம்பிப்போம்"னு படுத்துடுவேன். நாளைலயும் இதே கூத்து. மூணாவது தடவதான் புரிஞ்சுது, கவனம் ஓடுறத நம்மால நிறுத்த முடியாது, ஓடுனது எவ்ளோ சீக்கிரம் திரும்பி வருதுங்கறதுதான் விஷயம். ஓடிட்டு ஒரு நிமிஷத்துல திரும்புனா அது ஒண்ணுமே இல்ல, நாப்பது நிமிஷம் கழிச்சு திரும்புனாதான் அன்னைக்கு சாயங்காலம் காலி. அதனால கீழ சொல்ற எல்லாமே திரும்பி வர்ற வழிய சின்னதாக்குறதப் பத்திதான்.

மொத வாரம் புதுசா எதையும் மாத்தாதீங்க, எண்ண மட்டும் செய்யுங்க. புக்குக்கு பக்கத்துல ஒரு பேப்பர் வெச்சுக்கிட்டு, மனசு வேற எங்கயோ போச்சுன்னு உறைக்கிற ஒவ்வொரு தடவயும் ஒரு கோடு போடுங்க, திட்டிக்க வேணாம், கோடு போட்டுட்டு விட்ட வரிக்கு வாங்க. நான் மொத நாள் ஒரு மணி நேரத்துல பதினாலு கோடு போட்டேன், அதுல பாதிக்கு மேல போனே இல்ல, ஆபீஸ்ல ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தைய திருப்பித் திருப்பி யோசிச்சது. இந்தக் கோடு போடுற வேலையே ஒரு பழக்கமாயிடும், போறத கொஞ்சம் சீக்கிரமா கண்டுபிடிக்க ஆரம்பிச்சுடுவீங்க.

எண்ணுனதுக்கு அப்புறம்தான் பிளான் போடணும், ஏன்னா அப்பதான் உங்க நெஜ மணி நேரம் தெரியும். சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைல இருக்கறவங்க எழுதற, மூணு லெவல் இருக்கற பரிட்சை) மாதிரி பரிட்சைக்கு ஒரு லெவலுக்கு 300 மணி நேரமாவது படிக்கணும்னு பொதுவா சொல்றாங்க. மூணு மணி நேரம் உக்காந்து அதுல நெஜமா ஒன்றரை மணி நேரம்தான் படிக்கிறோம்னா, 300 மணி நேரம்ங்கறது நூறு நாள் இல்ல, இருநூறு நாள். இது கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா கடைசி மாசத்துல சிலபஸ் பாதி மிச்சம் இருக்குன்னு தெரியறதுக்கு இது எவ்ளவோ பரவால்ல. வாரத்துல ஒரு நாள எதுவும் போடாம காலியா விடுங்க, தவறிப்போனதெல்லாம் அங்க வந்து விழட்டும்.

அடுத்தது உக்கார்றது. எனக்கு படிக்கிறத விட படிக்க ஆரம்பிக்கிறதுதான் மலை. "இன்னைக்கு டேக்ஸ் படிக்கணும்"னு நெனச்சா உடம்பே எழுந்து ஓடும், அது பெருசா, மொட்டையா இருக்கு. "டெஃபர்டு டாக்ஸ்ல (இப்ப இல்லாம பின்னாடி கணக்குக்கு வர்ற வரி) மூணாவது கணக்கு"ன்னு எழுதி வெச்சா ஓடாது. முந்துன நாள் நைட்டே புக்க அந்தப் பக்கத்துல திறந்து வெச்சு, பேனா, கால்குலேட்டர் எல்லாம் மேல வெச்சுட்டுப் படுத்துருங்க, ஏன்னா கால்குலேட்டர் தேட எழுந்தா நான் அரை மணி நேரம் கழிச்சு அலமாரி அடுக்கிட்டு இருப்பேன்.

இதுல எனக்கு ரொம்ப உதவுனது ஒண்ணு இருக்கு. முடிக்கும்போது ஒரு கணக்க பாதில விட்டுட்டு எழுந்திரிக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு சொத்தோட மதிப்பு கம்பெனி கணக்குப் புக்ஸ்ல 80, டேக்ஸ் கணக்குல 60, வித்தியாசம் 20, டேக்ஸ் ரேட் 25 சதவீதம். இதுல "வித்தியாசம் = 20" வரைக்கும் எழுதிட்டு, பக்கத்துல "இத ரேட்டால பெருக்கணும்"னு ஒரு குறிப்பு போட்டு மூடிடுவேன். மறுநாள் உக்காந்ததும் யோசிக்கவே வேணாம், பெருக்குனா 5, லையபிலிட்டின்னு (அதாவது பின்னாடி கட்ட வேண்டிய வரி) எழுதுறதுக்குள்ள கை சூடாயிடும், அதோட அடுத்த கணக்கும் போயிடும். சேப்டர முழுசா முடிச்சுட்டு நிம்மதியா எழுந்த நாளுக்கு மறுநாள்தான் எனக்கு உக்காரவே முடியாம போயிருக்கு.

டைமர் வெச்சுப் படிக்கிறத எல்லாரும் சொல்வாங்க, 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் இடைவேளை. ஃப்ரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள் கடைசில காலேஜ் படிக்கும்போது, தக்காளி வடிவத்துல இருந்த கிச்சன் டைமர வெச்சு ஆரம்பிச்சது, இதுக்கு பொமொடோரோ முறைன்னு பேரு, இத்தாலியன்ல பொமொடோரோன்னா தக்காளி. அந்த 25 ஒண்ணும் வேதவாக்கு இல்ல. எனக்கு ஆரம்பத்துல 12 நிமிஷம்தான் தாங்குச்சு, அப்புறம் 15, கணக்கு போடும்போது மட்டும் தானா 40 வரைக்கும் போகும், அப்ப டைமர் அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேன். உங்க கோட்டுப் பேப்பரப் பாத்தாலே மொத ஓட்டம் எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு தெரியும், அதுக்கு கொஞ்சம் முன்னாடி வைங்க டைமர.

இடைவேளைல என்ன பண்றீங்கங்கறதுதான் இதுல மெயின். அஞ்சு நிமிஷம் ரீல்ஸ் பாத்துட்டு வர்றது ஓய்வு இல்ல, அது இன்னொரு வேலை. சோஃபி லெராய்ங்கற ஆராய்ச்சியாளர் 2009ல இதப் பத்தி எழுதிருக்காங்க, ஒரு வேலைய விட்டு இன்னொண்ணுக்கு மாறும்போது கவனத்துல ஒரு பகுதி பழைய வேலைலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுவும் அது முடியாம நின்னுருந்தா. வாட்ஸப்ல ஒரு மெசேஜ் பாத்து பதில் போடாம வந்தா அடுத்த பத்து நிமிஷம் எதுல ஓடுதுன்னு உங்களுக்கே தெரியுமே. (அப்ப பாதிக் கணக்க விடச் சொன்னியேன்னு கேப்பீங்க, அதே பசைதான், நம்ம பக்கம் ஒட்ட வெச்சுக்கறோம்.) இடைவேளைல எழுந்து நடங்க, தண்ணி குடிங்க, ஜன்னலப் பாத்துக்கிட்டு சும்மா நில்லுங்க. போர் அடிச்சா நல்லதுதான், புக்கு கொஞ்சம் சுவாரஸ்யமா தெரியும்.

போனப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, வேற ரூம்ல வைங்க. சைலண்ட்ல போட்டு பக்கத்துல கவுத்து வெக்கிறது என் விஷயத்துல நடக்கல, கை தானா திருப்பிப் பாக்கும். போன்லதான் நோட்ஸ் இருக்குன்னு சொல்றவங்க அத பிரிண்ட் எடுத்துருங்க.

அப்புறம் ஒரு துண்டுப் பேப்பர். படிக்கும்போது திடீர்னு "கரண்ட் பில் கட்டலயே", "அந்தப் படத்துல நடிச்சவர் பேரு என்ன"ன்னு வரும், அப்ப எழுந்திரிக்காம அந்தப் பேப்பர்ல எழுதிட்டு விட்டுடுங்க. முடிச்சுட்டு பாத்தா பத்துல எட்டு ஒண்ணுத்துக்கும் ஆகாத விஷயமா இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், படிக்கிற விதம். என் மொத அட்டெம்ப்ட் புக்க இப்ப எடுத்துப் பாத்தா சிரிப்பா வரும், பக்கம் முழுக்க ஹைலைட்டர், எல்லாமே மஞ்சள், அப்ப எது முக்கியம்? ஒரே பத்திய மூணு தடவ படிச்சுருப்பேன், கண்ணு வரி மேல ஓடும், புத்தி ஓடாது, ஆனா படிச்ச மாதிரியே இருக்கும். அரச்ச மாவையே அரைக்கிறதுல இதான் சிக்கல், கவனம் போனதே தெரியாது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் பாடத்த திரும்பப் படிச்சுது, இன்னொரு குரூப் பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப எழுதிப் பாத்தவங்க முன்னாடி. நமக்கு பரிட்சை அஞ்சு நிமிஷம் கழிச்சா வருது?

அதனால இப்படிப் பண்ணுங்க. ரெண்டு பக்கம் படிங்க, மூடுங்க, வெள்ளத்தாள் எடுத்து ஞாபகம் இருக்கறத கிறுக்குங்க, அழகா வேணாம், அம்புக்குறி போட்டு, பாதி வாக்கியமா இருந்தாலும் போதும். அப்புறம் புக்க திறந்து விட்டதெல்லாம் வேற கலர்ல எழுதுங்க. மொத தடவ என் பேப்பர்ல தலைப்பும் ஒரு ஃபார்முலாவும்தான் இருந்துச்சு, அதுவும் தப்பா, அசிங்கமா இருந்துச்சு. ஆனா கவனம் ஓடுற ஆளுக்கு இதுல ஒரு பெரிய லாபம், கை வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது மனசு போனா கை நின்னுடும், உடனே தெரிஞ்சுடும். படிக்கும்போது அப்படி நிறுத்திக் காட்ட ஆளே கிடையாது. அதே காரணத்துக்காகத்தான் சேப்டர் முடிஞ்சதும்னு காத்துக்கிட்டு இருக்காம மொத நாள்ல இருந்தே கொஸ்டின் பேங்க்ல அஞ்சு கேள்வியாவது போடுங்கன்னு சொல்றேன். சில நாள் கேள்விய மொதல்ல பாத்துட்டு பாடத்துக்குள்ள பதில தேடிப் போவேன், தேடுற ஆளுக்கு தூக்கம் வராது.

மறக்கறதப் பத்தியும் ஒரு வார்த்தை. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்கள தானே மனப்பாடம் பண்ணி, எவ்ளோ நேரத்துல மறக்குதுன்னு தன்னையே அளந்து 1885ல வெளியிட்டார், மொத நாளுக்குள்ளயே பெரும்பகுதி போயிடுது, அப்புறம் மெதுவாதான் குறையுது. அதனால இன்னைக்குப் படிச்சத நாளைக்கு ஒரு தடவ, நாலு நாள் கழிச்சு ஒரு தடவ, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவன்னு எழுதிப் பாருங்க. ஆன்கி மாதிரி ஃப்ளாஷ்கார்டு ஆப் (கார்டுல ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில்) இந்த நாள் கணக்க தானா பாத்துக்கும். ஒரே எச்சரிக்கை, கார்டு செய்யறதே படிக்காம தப்பிக்க ஒரு நல்ல வழியாயிடும், நான் ஒரு வார இறுதி முழுக்க கார்டுக்கு கலர் மாத்திட்டு இருந்துருக்கேன், ஒண்ணக்கூட படிக்கல. தப்பா போட்ட கேள்விக்கு மட்டும் கார்டு போடுங்க.

தனியா உக்காந்தா முடியலன்னா யாரையாவது கூட உக்கார வைங்க, அவங்க அதே பரிட்சை எழுதணும்னு இல்ல, வீடியோ கால்ல ரெண்டு பேரும் மியூட்ல அவங்கவங்க வேலையப் பாத்தாலே போதும். எதிர்ல ஒரு ஆள் இருக்கும்போது எழுந்து போக ஒரு கூச்சம் வரும், அந்தக் கூச்சத்த பயன்படுத்திக்கங்க.

தூக்கத்த வெட்டி படிக்காதீங்க, தூங்காத மறுநாள் கோடு ரெண்டு மடங்கு விழும். காபியோட கஃபைன் பாதி குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், நைட்டு 8 மணிக்கு குடிச்சா 1 மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கும்.

இவ்ளோ பண்ணியும் நடக்கல, படிப்புல மட்டும் இல்லாம வேலைலயும் வீட்லயும் இதே கதை, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்னா, ஒரு மனநல டாக்டரப் போய்ப் பாருங்க. ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்க வைக்கிற ஒரு நிலை) கொழந்தைங்களுக்கு மட்டும்னு நெனைக்கிறது தப்பு, பெரியவங்களுக்கும் கண்டுபிடிக்கறாங்க, ஆனா 12 வயசுக்கு முன்னாடியே சில அறிகுறியாவது இருந்துருக்கணும்னு பாப்பாங்க, அதனால பழைய ரிப்போர்ட் கார்ட், கூட வளந்தவங்க சொல்றது எல்லாம் உதவும். கூடப் படிக்கிறவரோட ஏடிஹெச்டி மாத்திரைய ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாக்கற வேலை மட்டும் வேண்டாம், அது டாக்டர் உங்க இதயத்துடிப்பு, பிரஷர் எல்லாம் பாத்து தர்ற மருந்து. டயக்னோசிஸ் இருந்தா நெறைய பரிட்சைகள்ல கூடுதல் நேரமோ தனி ரூமோ கேக்கலாம், ஆனா டாக்டர் குடுத்த பேப்பர்ஸோட முன்கூட்டியே அப்ளை பண்ணணும், பரிட்சைக்கு பதிவு பண்ற அன்னைக்கே அந்த ரூல்ஸ படிச்சு கடைசி தேதிய குறிச்சு வைங்க.

கடைசில பரிட்சை ஹால். வீட்ல 15 நிமிஷமா படிச்சுட்டு அங்க ரெண்டு மூணு மணி நேரம் ஒரே மூச்சா உக்காரணும்னா முடியாது, அதனால கடைசி ஆறு வாரமாவது வாரம் ஒரு முழு மாக் டெஸ்ட், அதே நேரத்துல, எழுந்திரிக்காம. சிஎஃப்ஏ மொத லெவல்ல ஒரு செஷனுக்கு 90 கேள்வி, ரெண்டே கால் மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான் வருது, அதுக்குள்ள ஓடவும் ஓடும், திரும்பவும் வரணும். நான் பத்து கேள்விய ஒரு கட்டா வெச்சுப்பேன், ஒரு கட்டு முடிஞ்சதும் பேனாவ கீழ வெச்சு கண்ண மூடி மூணு மூச்சு, அப்புறம் அடுத்த கட்டு. கேள்வில "இல்லை", "தவிர", "தவறானது" வந்தா உடனே விரல அது மேல வெச்சுப்பேன், என் மொத அட்டெம்ப்ட்ல போன மார்க்குல பாதி அதுலதான் போச்சு, பாடம் தெரியாம இல்ல.

மூணாவது தடவ ஹால்ல உக்காந்தப்பவும் மனசு ஓடத்தான் செஞ்சுது, முன்னாடி உக்காந்தவர் ஷூவ தரைல தேச்சுக்கிட்டே இருந்தார், அதுலயே ரெண்டு கேள்வி போயிருக்கும். ரஃப் ஷீட் ஓரத்துல ஒரு கோடு போட்டுட்டு விட்ட வரிக்கு வந்தேன். மொத்தம் எத்தன கோடுன்னு எண்ணிப் பாக்கலாம்னா, போகும்போது அந்த ஷீட்டையும் வாங்கிக்கிட்டாங்க.