அமெரிக்காவில் காருக்கு டின்ட் ஒட்டுவதற்கு முன்: மாநிலச் சட்டத்தை எப்படிப் படிப்பது

டெக்சஸ் மாநிலத்து டல்லாஸிலிருந்து வேலை மாற்றலாகி நியூயார்க் வந்த நண்பர் ஒருவர், தம் செடான் காரை ஆண்டு ஆய்வுக்குக் கொண்டுபோனபோது நானும் உடன் சென்றிருந்தேன். ஆய்வாளர் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி, அதன் விளிம்பில் கைக்கு அடக்கமான ஒரு மீட்டரைச் செருகினார். திரையில் 26 என்று விழுந்தது. டெக்சஸில் அதே கண்ணாடி சட்டப்படி செல்லும். நியூயார்க்கில் 70 இருந்தாக வேண்டும். நண்பர் பழைய பில்லை எடுத்துக் காட்டி, தாம் ஒட்டியது 35 விழுக்காட்டு ஃபிலிம்தானே, 26 எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தச் சட்டங்களைப் படிப்பதற்கான முதல் திறவுகோல்.

டின்ட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம், தொடர்பாகச் சொல்லப்படும் எண், கண்ணாடி எவ்வளவு இருண்டது என்பதைக் குறிப்பதன்று. எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதைக் குறிப்பது. ஆகவே எண் குறையக் குறையக் கறுப்பு கூடும். 5 விழுக்காடு என்றால் உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாது. 70 என்றால் டின்ட் இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டாவதாக, கடைக்காரர் சொல்லும் எண் ஃபிலிமுக்கு மட்டுமே உரியது. போலீஸ்காரரின் மீட்டரோ கண்ணாடியையும் ஃபிலிமையும் சேர்த்தே அளக்கிறது. காரின் பக்கக் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முழு ஒளியையும் விடுவதில்லை. பெரும்பாலும் 70 முதல் 80 விழுக்காடு வரைதான் விடுகிறது. கூட்டுக் கணக்கைப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்: 75 விழுக்காடு விடும் கண்ணாடியில் 35 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டினால், 0.75-ஐ 0.35-ஆல் பெருக்கி, ஏறத்தாழ 26. நண்பரின் மீட்டர் பொய் சொல்லவில்லை.

ஊரில் நமக்கு இந்தச் சிக்கல் பழக்கமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதி முன், பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கக் கண்ணாடிகளுக்கு 50 என்று நாடு முழுமைக்கும் ஒரே அளவை வைத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதற்கே தடை விதித்தபோது, சென்னையிலும் மதுரையிலும் சாலையோரத்தில் நிறுத்திப் போலீசார் கறுப்பு ஃபிலிமை உரித்தது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒன்றிய அரசின் 205-ஆம் எண் பாதுகாப்புத் தரம், ஓட்டுவதற்குப் பார்வை தேவைப்படும் கண்ணாடிகள் 70 விழுக்காடு ஒளியையாவது விட வேண்டும் என்கிறது. ஆனால் அது புதிய வாகனங்களையும் அவற்றைத் தயாரிப்போரையும் நோக்கிய விதி. வாங்கிய பிறகு உரிமையாளர் தம் காரில் எதை ஒட்டலாம் என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கிறது. மாநில எல்லை தாண்டி ஓடும் வணிக லாரிகளுக்கு மட்டும் முன்கண்ணாடியிலும் ஓட்டுநரின் இருபுறக் கண்ணாடிகளிலும் 70 என்ற ஒன்றிய விதி தொடர்ந்து பொருந்தும்.

எனவே முதலில் உங்கள் மாநிலத்தின் சட்டப் பகுதியையே திறந்து படியுங்கள். இணையத்தில் சுற்றும் ஐம்பது மாநில அட்டவணைகள் வசதியானவைதாம். ஆனால் அவற்றில் பல பழையவை, விதிவிலக்குகளை விழுங்கியவை. கலிபோர்னியாவில் வாகனச் சட்டத்தின் 26708-ஆம் பிரிவு, டெக்சஸில் போக்குவரத்துச் சட்டத்தின் 547.613, புளோரிடாவில் 316.2953-உம் அடுத்த பிரிவும், நியூயார்க்கில் வாகன, போக்குவரத்துச் சட்டத்தின் 375-ஆம் பிரிவு. படிக்கும்போது காரை ஒரே பொருளாக எண்ணாமல் கண்ணாடி கண்ணாடியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: முன்கண்ணாடி, முன்பக்கக் கதவுகள், பின்பக்கக் கதவுகள், பின்கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

முன்கண்ணாடியில் பெரும்பாலான மாநிலங்கள் மேற்புறத்து ஒரு பட்டையை மட்டுமே அனுமதிக்கின்றன. டெக்சஸில் அது மேலிருந்து 5 அங்குலம் அல்லது கண்ணாடியில் பொறிக்கப்பட்டிருக்கும் ஏ.எஸ்.1 கோடு வரை. நியூயார்க்கில் 6 அங்குலம். உண்மையான வேறுபாடு முன்பக்கக் கதவுகளில்தான் இருக்கிறது. டெக்சஸ் 25 என்கிறது, 3 விழுக்காடு கூடக்குறைய இருப்பதைப் பொறுத்துக்கொள்கிறது. புளோரிடா 28, மாசசூசெட்ஸ் 35, வர்ஜீனியா 50, நியூயார்க் 70. மிச்சிகன் மேல் 4 அங்குலத்தைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. நியூஜெர்சி மருத்துவக் காரணமின்றி அங்கே ஒட்டவே கூடாது என்கிறது.

கலிபோர்னியா நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். அங்கே முன்கதவுக் கண்ணாடியில் நிறமற்ற ஃபிலிம் ஒட்டலாம். ஃபிலிம் மட்டும் 88 விழுக்காடு ஒளியை விட வேண்டும், கண்ணாடியோடு சேர்ந்தும் 70-க்குக் குறையக் கூடாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கண்ணாடி 80 விட்டால் விளைவு 70.4, தப்பித்தீர்கள். அதுவே 78 ஆனால் 68.6, தவறிவிட்டீர்கள். ஆகவே "இது கலிபோர்னியாவில் செல்லும் ஃபிலிம்" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். உங்கள் கண்ணாடியை அளக்காமல் மீதிப் பாதியை யாராலும் சொல்ல முடியாது. ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையை விட்டு நான் எழுந்து வந்துவிடுவேன்.

பின்பக்கக் கண்ணாடிகளில் வாகனத்தின் வகை முக்கியமாகிறது. புளோரிடாவில் செடானின் பின்பகுதிக்கு 15 வேண்டும், எஸ்யூவி போன்ற பல்பயன் வாகனங்களுக்கு 6 போதும். நியூயார்க்கில் செடானின் பின்கதவுகளுக்கும் 70 கட்டாயம். நண்பர் நான்கு கதவுகளிலும் உரிக்க நேர்ந்தது இதனால்தான். உங்கள் வண்டி எந்த வகை என்று ஐயமிருந்தால் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளரின் சீட்டைப் பாருங்கள். பாசெஞ்சர் கார் என்றோ எம்.பி.வி. (பல்பயன் வாகனம்) என்றோ அதில் அச்சிட்டிருக்கும். எஸ்யூவிகளின் பின்பகுதியில் தொழிற்சாலையிலேயே கருமை ஏற்றிய கண்ணாடி வருவதுண்டு. அது ஏற்கெனவே 20 விழுக்காடு அளவில்தான் இருக்கும். அதன்மேல் 35 ஃபிலிம் ஒட்டினால் 7-க்கு வந்து நிற்கும். டெக்சஸ், கலிபோர்னியா போன்றவை பின்பகுதியில் எவ்வளவு கருமையையும் விடுகின்றன, ஆனால் பின்கண்ணாடியை இருட்டாக்கினால் காரின் வெளியே இருபுறமும் பின்னால் வருவதைக் காட்டும் ஆடிகள் (சைட் மிரர்) இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன.

எண்ணோடு சட்டம் முடிவதில்லை. முகம் பார்க்கும் ஆடி போல் பளபளக்கும் ஃபிலிமுக்கு டெக்சஸிலும், புளோரிடாவின் முன்கதவுகளிலும் பிரதிபலிப்பு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. டெக்சஸில் முன்கண்ணாடிப் பட்டை சிவப்பாகவோ நீலமாகவோ அம்பர் எனும் செம்மஞ்சளாகவோ இருக்கக் கூடாது. ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையே தயாரிப்பு விவரச் சீட்டும் இருக்க வேண்டும். லூபஸ் போன்ற நோயால் வெயில் ஆகாதவர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன, ஆனால் வழிமுறை ஒன்றல்ல. நியூயார்க்கில் மோட்டார் வாகனத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலிபோர்னியாவில் மருத்துவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காரில் வைத்துக்கொண்டால் கழற்றக்கூடிய திரையை முன்கதவுகளில் பொருத்தலாம், இருட்டிய பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது.

வெயில்தான் கவலை என்றால் கருமையைத் தேடாதீர்கள். சூரிய வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களால் வருவது. அதைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம் வெளிறியதாக இருந்தாலும், மலிவான கறுப்புச் சாயப் ஃபிலிமைவிடக் காரைக் குளிர்ச்சியாக வைக்கும். உலோகப் பூச்சுள்ள ஃபிலிமோ சுங்கச் சாவடியில் கட்டணத்தைத் தானாகச் செலுத்தும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்கும் ஜி.பி.எஸ்-க்கும் இடைஞ்சல் செய்யக்கூடும்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. கலிபோர்னியாவில் இது பெரும்பாலும் சரிசெய்துவிட்டுச் சான்று காட்டினால், ஒரு கட்டணத்தோடு தள்ளுபடியாகும் அபராதச் சீட்டுதான். அபராதத்தைவிட, டின்ட் போலீசாருக்கு வண்டியை நிறுத்த ஒரு காரணம் கொடுத்துவிடுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உண்மை நோக்கம் வேறாக இருந்தாலும் ஒரு போக்குவரத்து மீறல் கண்ணில் பட்டால் நிறுத்தலாம் என்று 1996-இல் ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வர்ஜீனியா 2021 முதல் டின்டை மட்டும் காரணமாக்கி நிறுத்தக் கூடாது என்று சட்டம் செய்தது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2022-இல், உள்ளே இருக்கும் ஆட்களையும் பொருட்களையும் தெளிவாகப் பார்க்க முடியாத அளவுக்குக் கருமை இருந்தால்தான் நிறுத்த நியாயம் உண்டு என்றது. இரவில் நிறுத்தப்பட்டால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கி, கைகளை ஸ்டீயரிங் மேல் வையுங்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்பவர்கள் பதிவை மாற்றுவதற்கு முன்பே உரித்துவிடுவது நல்லது. கதவுக் கண்ணாடிகளில் நீராவி காட்டி நீங்களே உரிக்கலாம். பின்கண்ணாடியில் மட்டும் பிளேடைக் கொண்டு சுரண்டாதீர்கள். பனியை உருக்கும் மெல்லிய சூட்டுக் கோடுகள் கண்ணாடியின் உட்புறத்தில், ஃபிலிமுக்கு அடியில்தான் ஓடுகின்றன, ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுதும் வேலை செய்யாது.