களரியிலிருந்து கமராவுக்குப் பின்னால்: வன்னி நடிகர் முதற்படம் நெறியாள்வது எப்படி

கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ ஆடிப் பழகி, பிறகு இரண்டு மூன்று குறும்படங்களிலும் நடித்த ஒருவருக்கு, தானே ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. நடிப்பு அனுபவம் அதற்கு அரைவாசி உதவும், அரைவாசி இடைஞ்சல் தரும். உதவுவது தாளம், நினைவாற்றல், பக்கத்து நடிகரின் மூச்சைப் பிடிக்கும் காது. இடைஞ்சல், வசனத்தைக் கண்டவுடன் தானே சொல்லிக் காட்டும் பழக்கம்.

கூத்தில், ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் களரியிலேயே, அதாவது கூத்து ஆடும் வட்ட அரங்கிலேயே, நிற்பார். அடி பிந்தினால் மத்தளத்தாலேயே இழுத்துப் பிடிப்பார். படத்தில் "அக்ஷன்" என்ற பிறகு நெறியாளர் கையில் ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்து முடித்திருக்க வேண்டும். இந்த மாற்றம் ஒரு நாளில் வராது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துகளைப் புதுக்கி மேடையேற்றியபோது "இராவணேசன்" கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அதே இராவணேசனை அவரே நெறியாண்டது பல ஆண்டுகளுக்குப் பின்னர். இடையில் ஆய்வும் கற்பித்தலும் வேறு நாடகங்களுமாக ஒரு நீண்ட காலம் போயிருந்தது.

ஆகவே முதலில் வேறு ஒருவரின் இரண்டு படங்களில் உதவியாளராக நின்று, தொடர்ச்சிக் கொப்பியை உங்கள் பொறுப்பில் எடுங்கள். எந்தக் கையில் கத்தி இருந்தது, பிளேன்ரீ எவ்வளவு மிச்சம், சட்டையில் எத்தனை பொத்தான் பூட்டியிருந்தது, நெற்றியில் திருநீறு இருந்ததா என்று ஒவ்வொரு சொட்டுக்கும் (ஷொட், நிறுத்தாமல் எடுக்கும் ஒரு படத்துண்டு) எழுதுங்கள். படம் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தப்படுவது என்பதை இந்தக் கொப்பிதான் உங்கள் உடம்புக்குச் சொல்லித்தரும்.

எழுத்தும் நாள் குறித்தலும்

முதற்படம் ஐந்து முதல் ஏழு நிமிடம், மூன்று நடிகர், இரண்டு இடம், இரண்டு நாள். இதற்கு மேல் போக வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு கையெழுத்துப் பிரதிக்குப் பொருந்தாது. மணிக்கூட்டை வைத்து, நடக்கிற இடத்தை நடந்து, கிணற்றில் தண்ணி அள்ளுகிற நேரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து சொட்டுக்கு மேல் திட்டமிட்டால் பின்னேரம் கடைசி நாலும் அவசரத்தில் கெடும்.

நாள் குறிக்கும்போது வயலைப் பாருங்கள். காலபோக (மாரிப் பருவ) நெல் இரண்டு கிழமையில் அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிடும். விடுபட்ட ஒரு சொட்டைப் பிறகு எடுத்துச் சேர்க்கலாம் என்று விட்டால் முழங்கால் உயர நெல்லும் இடுப்பளவு நெல்லும் அடுத்தடுத்து வரும். வயற்காட்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள். அறுவடைக் காலத்தில் நடிகரும் கிடைக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் வருகிறவருக்கு நாட்கூலியாவது கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவரைச் சாப்பாட்டுப் பார்சலோடு அனுப்புவது நியாயமில்லை.

ஒத்திகை

ஐந்து பின்னேரம் வையுங்கள். முதல் இரண்டும் வாசிப்பு, அடுத்த இரண்டும் படம் எடுக்கும் இடத்திலேயே, கடைசி நாள் கைபேசியில் பதிந்து எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கு.

கூத்துக் குரல் களரியைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச்சேரப் பழகியது. கமரா இரண்டடியில் நிற்கிறது. "குறைச்சுச் சொல்லுங்கோ" என்றால் நடிகர் சத்தத்தை மட்டும் குறைப்பார். புருவமும் கழுத்தும் அப்படியே ஆடும். அதற்குப் பதிலாக, பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அதே வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உடம்பு தானாக அடங்கும்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லி நடிக்கக் கேட்காதீர்கள். "சோகமாச் சொல்லுங்கோ" என்றால் எல்லோரிடமும் ஒரே முகம்தான் வரும். "அவர் படலையைத் தாண்ட முதல் எப்படியாவது நிப்பாட்டப் பாருங்கோ அக்கா" என்றால் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. சோகம் அதற்குள் வந்துவிடும். நீங்களே நடித்துக் காட்டினால், உங்களைப் பார்த்து எடுத்த நகல் ஒன்றுதான் திரையில் இருக்கும்.

தொடர்ச்சிக்குக் கூத்துக்காரரின் பலத்தையே பயன்படுத்துங்கள். தூரச் சொட்டில் "நாளைக்கு" என்ற சொல்லில் கிளாசைத் தூக்கினால், கிட்டச் சொட்டிலும் அந்தச் சொல்லில்தான் தூக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டி ஒட்டும்போது கை துள்ளும். இதைத் தாளக்கட்டு என்று சொல்லுங்கள். ஆட்டத்தை முடிக்கும் தாள அடியான தீர்மானத்தில் கால் எங்கே விழும் என்று தெரிந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். அழுகை வராத நடிகரிடம் 2009ஐ நினைக்கச் சொல்லாதீர்கள். இங்கே பலருக்கு அது நடிப்புப் பயிற்சி அல்ல, ஆறாத புண். அன்றைக்கு ஒரு நல்ல ரேக் (ஒரு முறை எடுத்த பதிவு) கிடைக்கலாம். அந்த மனிதர் வீட்டுக்குப் போய் எப்படி நித்திரை கொள்வார் என்பது உங்கள் பொறுப்பில் வந்துவிடும். முதுகைக் காட்டி எடுங்கள், கையைக் காட்டி எடுங்கள், அழுகை இல்லாமலே காட்சியை எழுதுங்கள். வெடிச்சத்தமும் அப்படித்தான். படப்பிடிப்பில் சீனவெடி கொளுத்த வேண்டாம். அயலில் உள்ள பிள்ளைகளும் வயது போனவர்களும் பதறுவார்கள். சத்தத்தை எடிற்றிங்கில் சேர்க்கலாம்; நடிகர் திடுக்கிட, உதவியாளர் கை தட்டினால் போதும்.

இடமும் அனுமதியும்

கிராம அலுவலரிடமும் காணிக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, பொலிசுக்கும் அறிவித்துவிடுங்கள். பெரிய குளக்கட்டென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், காடென்றால் வனத் திணைக்களம், ட்ரோனென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. இராணுவ முகாம்கள் பின்னணியில் விழாமல் பாருங்கள். மிதிவெடி உண்டென்று எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் நல்ல சொட்டுக்காகவும் போகக்கூடாது. பலகை இல்லாத பற்றையென்றாலும் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒளி, ஒலி, கமரா

வன்னி வெயில் உச்சிக்கு வந்தால் கண்குழி கறுத்து, நடிகரின் கண்ணே தெரியாது. காலை ஆறேகால் முதல் ஒன்பதரை வரை, பிறகு மூன்றரையிலிருந்து இருட்டும் வரை வெளிக்காட்சி. நடுவில் கொட்டிலுக்குள் எடுங்கள். வாசலுக்கு வெளியே நாலடி நீள வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) தட்டை வெயிலில் சரித்து வைத்தால் முகத்துக்கு வேண்டிய ஒளி உள்ளே வரும். வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால் தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை இரண்டு தடியில் கட்டுங்கள்.

எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 செக்கன். வேறு ஏதாவது வைத்தால் சில ரியூப் லைற்றும் எல்ஈடி பல்பும் திரையில் துடிக்கும், எடிற்றிங்கில் அதைச் சுத்தமாக எடுப்பது கடினம். கைபேசியில் எடுத்தால் வெளிச்சத்தையும் நிறத்தையும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் நடிகர் அசைய அசையப் படம் வெளுத்துக் கறுக்கும். வெளியில் 1/50 வைத்தால் வெளிச்சம் கூடிப்போகும், லென்சுக்கு முன் ஒளியைக் குறைக்கும் என்டி பில்ரர் போட வேண்டும்.

வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். கமராவுக்கு ஒரு பக்கம்தான். பேசும் இருவரையும் இணைத்து நிலத்தில் ஒரு கயிறு போடுங்கள். காட்சி முடியும் வரை கயிற்றின் ஒரே பக்கத்தில் கமரா நிற்கட்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் வரும்.

முதற்படங்கள் பெரும்பாலும் கெடுவது ஒலியில்தான். சோழகம் (தென்மேல் பருவக் காற்று) வீசும் மாதங்களில் உறையில்லாத மைக்கில் காற்றைத் தவிர ஒன்றும் பதியாது. ரோம உறை போட்ட மைக்கைத் தடியில் கட்டி, நடிகரின் தலைக்கு மேல் இரண்டடிக்குள் கொண்டுவாருங்கள். பதிவுக் கருவியின் மானியில் சத்தமான வசனம் கழித்தல் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். பாண் வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த வளவில் தண்ணிப் பம்ப் ஓடும், கோயில் ஒலிபெருக்கி எப்போது தொடங்கும் என்று முதல் நாளே அயலில் விசாரியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வாய்மூடி நிற்க ஒரு நிமிட வெறும் சத்தம் பதியுங்கள். வசனங்களுக்கு இடையிலான ஓட்டையை அடைக்க வேறு வழியில்லை.

முதற்படத்தில் நீங்கள் நடிக்க வேண்டாம். நடித்தே தீர வேண்டுமென்றால் சிறிய பாத்திரம், இரண்டாம் நாளில். "கட்" சொல்லும் உரிமையை உதவியாளருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டும்போது

அன்றிரவே கமராவின் மெமரி கார்டை இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகுதான் படுக்கைக்குப் போக வேண்டும். நடிகராக இருந்தவருக்கு எடிற்றிங்கில் ஒரு தனி வருத்தம் உண்டு: இன்னொரு நடிகரின் நல்ல ரேக்கை வெட்ட மனம் வராது. முதல் வெட்டு முடிந்ததும் நாலு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு காட்சியின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பாதிக் காட்சிகள் நன்றாகவே நிற்கும்.

படத்தில் வேலை செய்யாத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்பார்கள். பார்க்கும்போது எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் காட்டுவதென்றால், படங்களுக்கு அனுமதி வழங்கும் அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் தேவையா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஊரில் முதற்காட்சியைச் சனசமூக நிலைய முற்றத்தில் ஏழரைக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன் திரையில் கறுப்பு கறுப்பாக விழாது. சீலையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, அடிப்பக்கத்தில் ஒரு மரத்தடியைச் சுற்றிப் பாரம் கொடுங்கள், காற்றில் முகங்கள் நெளியாது. நீங்கள் கடைசி வரிசையில் நில்லுங்கள்.