ஃபெயில்ஓவர் முடிந்தது, ஆர்டர் மட்டும் விழவில்லை

பெங்களூரு பெல்லந்தூர் வீட்டில் ராத்திரி பதினொன்றரை. எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிரைமரி, அதாவது எழுதுவதை ஏற்கும் முதன்மை மெஷின், திடீரென்று படுத்தது. அதன் நகலை வைத்துக்கொண்டு, படிக்க மட்டும் விடும் ஸ்டாண்ட்பை மெஷின் தானாகப் பிரைமரி ஆனது. இந்த மாற்றம்தான் ஃபெயில்ஓவர். பழையது எழுந்து வந்து ஸ்டாண்ட்பையாகச் சேர்ந்துகொண்டது. சரி, தூங்கலாம் என்று லேப்டாப்பை மூடினேன்.

பத்தே நிமிடம். டீமில் இருக்கும் மதுரைத் தம்பி கூப்பிட்டான்: "அண்ணா, லிஸ்ட் எல்லாம் வருது. ஒரு ஆர்டர்கூட சேவ் ஆக மாட்டேங்குது."

லாக் முழுக்க ஒரே புலம்பல்: ரீட்-ஒன்லி டிரான்சாக்‌ஷனில் இன்சர்ட் (புதிதாக எழுதுவது) முடியாது. பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸைக் கேட்டால் புது பிரைமரியின் ஐபியைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் ஆப்பின் கனெக்‌ஷன்கள் அத்தனையும் பழைய ஐபிக்கே போய்க்கொண்டிருந்தன.

காரணம், ஆப் எழுதப்பட்ட ஜாவா. ஒரு பெயருக்குக் கிடைத்த ஐபியை அது கேஷில் வைத்துக்கொள்ளும். எங்கள் செட்டிங்கில் அந்தக் கால அளவு மைனஸ் 1. அதாவது ப்ராசஸ் சாகும்வரை மறக்காது. டேட்டாபேஸ் நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக்கோ வெறும் 'செலக்ட் 1' என்ற படிக்கும் கேள்வி. அது ஸ்டாண்ட்பையிலும் ஓடும், அதனால் டாஷ்போர்டு பச்சையாகவே இருந்தது. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆப்பை ரீஸ்டார்ட் செய்ததும் ஆர்டர்கள் விழ ஆரம்பித்தன. மறுநாள் கேஷை 10 விநாடியாகக் குறைத்தோம். ஜாவா டேட்டாபேஸோடு இணையப் பயன்படுத்தும் ஜேடிபிசி யூஆர்எல்லில் இரண்டு மெஷினையும் கொடுத்து, பிரைமரியோடு மட்டும் இணையும்படி டார்கெட் சர்வர் டைப்பைப் பிரைமரி என்று வைத்தோம். ஹெல்த் செக்கும் இப்போது 'ரெகவரியில் இருக்கிறாயா' என்று கேட்கிறது; ஸ்டாண்ட்பை என்றால் ஆம் என்று பதில் வரும். அப்புறம் ஸ்டேஜிங் என்ற சோதனை அமைப்பில் பிரைமரியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தோம். ஆப் தானாகவே புதியதைப் பிடித்துக்கொண்டது.