கதையில் இரண்டே பக்கம் வரும் குதிரைத் தூதனை எழுதுவது எப்படி?

மாயாஜாலப் போர்க்கதை எழுதுபவர்கள் அதிகம் சொதப்புவது செய்தி கொண்டுவரும் குதிரைவீரனிடம்தான். குதிரை ஒன்றும் பைக் இல்லை. முழுப் பாய்ச்சலில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும், ஆனால் சில கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கிவிடும், அதனால் ராத்திரி முழுக்க ஒரே குதிரையில் பறந்து வந்தான் என்று எழுதாதீர்கள். வழியில் குதிரை மாற்றச் சாவடி வையுங்கள். 1860இல் அமெரிக்காவில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் தபாலில் சுமார் 16 முதல் 24 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார்கள். மங்கோலியப் பேரரசிலும் இப்படி நிலையங்கள் இருந்தன. அப்புறம், வந்து இறங்கியதும் வீரவசனம் வேண்டாம். தொடை உரசிப் புண்ணாகி, கால் நேராக நிற்காது. அவன் முதலில் கேட்பது குதிரைக்குத் தண்ணீராக இருக்கட்டும். பெயர் ஒன்று போதும், வம்சாவளியெல்லாம் ராஜாவுக்கு.