சாப்பாட்டில் கவனம், உடற்பயிற்சியில் விருப்பம்

எடையைக் குறைக்க நினைக்கிறீர்களா? சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நாமோ பத்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிடுகிறோம், அதுவும் செல்போனைப் பார்த்துக்கொண்டே. அடுத்த வேளை போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு வாய் மென்று விழுங்கிய பிறகே அடுத்த வாய்க்குக் கை போகட்டும். பாதித் தட்டில் சற்று நிறுத்தி, ‘இன்னும் பசிக்கிறதா?’ என்று உங்களையே கேளுங்கள். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை ‘வீணாகிறதே’ என்று வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முதலில் அதை விடுங்கள்.

அப்புறம் உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் பிடிக்கவில்லையா? சரி, வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பிடித்த நாலு பாட்டுக்கு ஆடினாலே கால் மணி நேரம் ஓடிவிடும். தோழியுடன் பேசிக்கொண்டே வேகமாக நடக்கலாம். பிடித்ததைச் செய்தால்தான் மூன்றாவது வாரமும் தொடரும்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தங்குவதால் எடை கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அது கொழுப்பு இல்லை. அந்த நாட்களில் எடை பார்க்கவே வேண்டாம்.