மகளுக்கு இரட்டைச் சடை பின்னப் பழகும் அப்பாக்களுக்கு

முதலில் மூன்று நிறத்தில் ராஃபியா கயிறு வாங்கி வாருங்கள். பொட்டலம் கட்டுகிற அதே கயிறுதான், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு பின்னிப் பின்னிப் பழகுங்கள். சிவப்பு எங்கே போகிறது, மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். நேராகப் பிள்ளையின் தலையில் பழகாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், முதல் வாரம் முழுக்க அவளும் அழுதாள், எனக்கும் அழுகை வராத குறைதான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி. மனைவி தாதி, காலை ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், ஆறு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, எட்டரைக்குப் போனால் போதும். 2018 ஜனவரியில் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது சோறு கட்டுவது, புத்தகப்பை பார்ப்பது, தலை பின்னுவது எல்லாம் என் பக்கம் வந்து விழுந்தது. முதல் இரண்டும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.

"வெட்டிவிட வேண்டியதுதானே?" என்று என் மாமியாரைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். முடியாது. 2014 தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டோம், அதற்குப் பிறகு கத்தரியே படவில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும், நான்கு வருடத்தில் முதுகைத் தாண்டி இறங்கிவிட்டது. அவளுக்கு அதில் பெருமையோ பெருமை. கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்து, முடி இடுப்பைத் தொடுகிறதா என்று பார்ப்பாள். அதை வெட்ட எந்த அப்பனுக்கு மனசு வரும்?

சரி, வேலைக்கு வருவோம். காலைச் சடை முந்தின இரவே ஆரம்பிக்கிறது. படுக்கும் முன் சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுத் தூங்க வையுங்கள். விரித்துப் போட்ட முடியோடு தூங்கினால் காலையில் பறவைக் கூடு மாதிரி இருக்கும், அதைப் பிரிக்கவே கால் மணி நேரம் போய்விடும். தலைக்குக் குளிப்பதை வெள்ளி இரவு அல்லது சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். ஈரத் தலையைப் பின்னாதீர்கள். ஈரத்தில் முடி இழுபடும், சீக்கிரம் அறுந்தும் போகும். அதோடு நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பின்னலுக்குள் மாட்டிய ஈரம் மதியம் வரை காயாமல் ஒரு நாற்றம் அடிக்கும் பாருங்கள்.

காலையில் நல்ல விளக்கு வேண்டும். பினாங்கில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் வெளியே கும்மிருட்டு. 1982 ஜனவரி 1-ம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள், அதன் பலனை நான் தினமும் ஆறேகால் மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் வகிடு தேடி அனுபவித்தேன். பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்காருங்கள். அவள் தலை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். முன்னால் டிவி, போன் எதுவும் ஓடக் கூடாது. பொம்மைப் படம் எந்தப் பக்கம் போகிறதோ தலையும் அந்தப் பக்கம் போகும், சடை ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கும்.

சிக்கு எடுக்க அகலப் பல் சீப்பு. நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள், உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் சேர்ந்து கீழே ஒரே முடிச்சாகிவிடும். சிக்கு இருக்கும் இடத்துக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே சீவுங்கள், வேர் இழுபடாது, வலிக்காது. இந்த ஒன்றை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வார அழுகை மிச்சம். தரையில் கொஞ்சம் முடி கிடந்தால் பயப்படாதீர்கள், ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை எல்லோருக்கும் உதிர்கிறதுதான்.

அடுத்தது வகிடு. அப்பாக்கள் தோற்கும் இடம் இதுதான். வால் சீப்பின் கூர் முனையை மூக்குக்கு நேராக நெற்றியில் வைத்து, உச்சி வழியாக ஒரே இழுப்பில் பின்னால் கொண்டு வாருங்கள். நடுவில் நிறுத்தினால் கோணும். பிடரிக்கு வரும்போது "குனிம்மா" என்று சொல்லி, கழுத்தின் நடு எலும்பைக் குறி வைத்து இறக்குங்கள். கோணினால் தண்ணீர் தொட்டு அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் கோணல் வகிட்டோடு அனுப்பிய நாட்களில் எங்களைக் காப்பாற்றியது கீழே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்ற மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மாக்சிக்தான். வேனுக்குக் காத்திருக்கும்போது எங்களைப் பார்த்துவிட்டு, சம்பல் பட்ட கையைத் துணியில் துடைத்து, பிறகு தண்ணீரில் கழுவி, "அடேக், மாரி சினி" (பாப்பா, இங்கே வா) என்று மகளைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டே நிமிடத்தில் அவிழ்த்துப் பின்னிவிடுவார். அவர் தலையில் எப்போதும் முக்காடு, ஆனால் ஐந்து பெண் பிள்ளைகளை வளர்த்த கை. நான் பக்கத்தில் நின்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: பின்னும்போது முடியைக் கீழே இழுக்கக் கூடாது, ஒவ்வொரு கால் (மூன்றாகப் பிரித்த முடியில் ஒன்று) மாறும்போதும் இரண்டு கையையும் பக்கவாட்டில் விலக்க வேண்டும். அப்போதுதான் பின்னல் தலையோடு ஒட்டி நிற்கும், வேரும் வலிக்காது.

ஒரு பக்கம் பின்னும்போது மறுபக்கத்து முடியை ரப்பர் போட்டு ஒதுக்கிவிடுங்கள். ரப்பர் என்றால் துணி சுற்றிய ரப்பர், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கொத்தாகக் கிடைக்கும். பொட்டலத்துக்குப் போடும் வெறும் ரப்பரை முடியில் போட்டால் அவிழ்க்கும்போது பத்து முடியாவது கூடவே வந்துவிடும். பின்னலைக் காதுக்குப் பின்னால், கொஞ்சம் கீழிறக்கி ஆரம்பியுங்கள். உயரத் தூக்கிப் போட்டால் பார்க்க அழகுதான், ஆனால் வேன் வராத நாளில் மோட்டாரில் கூட்டிப் போக வேண்டும், ஹெல்மெட்டுக்குள் அந்தச் சடை நுழையாது. நுழைத்தாலும் பள்ளி வாசலில் கழற்றும்போது சப்பையாகி நிற்கும். மூன்று காலையும் ஒரே கனமாகப் பிரியுங்கள். வலது கால் நடுக்காலின் மேல், இடது கால் நடுக்காலின் மேல், அவ்வளவுதான் பின்னல், ஜன்னல் கம்பியில் செய்ததேதான்.

ரிப்பன் தனிக் கலை. எங்கள் பள்ளியில் கருநீலம், பினஃபோர் நிறத்துக்குச் சேரும்படி. ஒரு சடைக்கு ஒரு மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். முக்கால்வாசி பின்னியதும் ரிப்பனை நடுவில் மடித்து, மடிப்பைப் பின்னலுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் இரண்டு காலோடு சேர்த்துப் பிடித்து நுனிவரை பின்னிக்கொண்டு போங்கள். நுனியில் ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். பிறகு சடையை மேலே மடித்து, நுனியைப் பின்னல் தொடங்கிய இடத்தில் உள்பக்கமாக மறைத்து, ரிப்பனை அடிச்சடையைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு முடிச்சு, அதற்கு மேல் பூ முடிச்சு. பூவின் இரண்டு இதழும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று என் மகளின் கட்டளை. விரற்கடையால் அளந்து பார்ப்பாள், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எல்லாம் முடிந்ததும் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது வலித்தால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். தினமும் இறுக்கி இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றி ஓரத்து முடி மெல்ல உதிர்ந்து மேலே ஏறிவிடும். இறுக்கிப் பின்னினால்தான் முடி வளரும் என்று பெரியவர்கள் சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

பேன் வரும், கட்டாயம் வரும். இரண்டாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை வகிடு எடுக்கும்போது வகிட்டின் நடுவே ஒன்று நிதானமாக நடந்து போனது, ரோட்டைக் கடக்கிற மாதிரி. பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போது ஏறிக்கொள்ளும், பிள்ளைகள் தலையை ஒட்டிக்கொண்டு ஒரே புத்தகத்தைப் பார்த்தாலே போதும். அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஈரத் தலையில் கண்டிஷனரை அள்ளிப் பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈறு அதிகம் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வாருங்கள், ஏனென்றால் தப்பித்த ஈறு ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். என் தலையிலும் இரண்டு இருந்தது. அதை மகள் வேன் அண்ணன் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இன்னொன்று, இதைச் செய்முறையில் சேர்க்கலாமா தெரியவில்லை, ஆனால் சொல்கிறேன். பின்னும்போது கேள்வி கேட்காதீர்கள். "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" என்று முகம் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையில் ஒரு கை நிதானமாக ஓடிக்கொண்டிருந்தால், மூன்றாவது நிமிடத்தில் அதுவாகவே பேச ஆரம்பிக்கும். யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் கோபக்காரர், கண்டீனில் மீ கோரேங் இப்போது காரமாக இருக்கிறது, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. ஒருநாள் இடது சடையில் இருக்கும்போது சொன்னாள், வகுப்பில் ஒரு பிள்ளை, "உங்க அப்பாவா பின்றாரு? உனக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டதாம். என் கை நின்றுவிட்டது. "நீ என்னம்மா சொன்ன?" என்றேன். "இருக்காங்க, அவங்களுக்குச் சரியா பின்னத் தெரியாதுன்னு சொன்னேன்" என்றாள். அன்று இரவு மனைவியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளி மூடியபோது சடைக்கு விடுமுறை என்று நினைத்தேன். இணைய வகுப்புக்கும் பின்னிவிடச் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நாளில் கேமராவில் தெரிகிற அளவுக்கு முன் தலையை மட்டும் வாரினால் போதும் என்று அவளே இறங்கி வந்தாள். மேலே வழித்து வாரிய தலை, கீழே தூங்கி எழுந்த பைஜாமா.

ரிப்பனை வாரம் ஒருமுறை துவைத்து, ஈரத்தோடு கண்ணாடியில் ஒட்டிக் காயவிடுங்கள், இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும். வெட்டிய ஓரத்தை மெழுகுவத்தி நெருப்பில் சட்டென்று காட்டி எடுத்தால் நூல் பிரியாது.

இப்போது அவள் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். ஒரே ரப்பரில் வாரிக் கட்டிக்கொண்டு நாற்பது வினாடியில் கிளம்பிவிடுகிறாள். இந்த வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாள், தேர் பார்க்கப் போகும் முன், சீப்பை என் மடியில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். முக்காலி தேவைப்படவில்லை, தரையில் உட்கார்ந்தாலே தலை என் நெஞ்சுக்கு வருகிறது. "ரெண்டு சடை போடுங்கப்பா, ஆனா மடிச்சுக் கட்டாதீங்க, சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும்" என்றாள். வகிடு ஒரே இழுப்பில் வந்தது. தெருவில் தேருக்கு முன்னால் தேங்காய் உடைத்தபோது இளநீர் தெறித்து இரண்டு சடையும் நனைந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஆனால், வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் பின்னலை அவிழ்த்து வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் படுக்க வையுங்கள். காய்ந்துவிட்டால் சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுநாள் சீப்பு இறங்காது.