நஞ்சாக்கும் கம்பும்: படம் பார்த்த கையோடு செய்யும் பிழைகள்

1972இல் புரூஸ் லீ திரையில் நஞ்சாக்கு, அதாவது சங்கிலியோ கயிறோ கொண்டு இணைத்த இரட்டைத் தடி, சுழற்றினார். இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்த பொடியன்மார் முதலில் தேடுவது வீட்டுத் தும்புத்தடியைத்தான். ஆசையில் பிழையில்லை. தடியை இரண்டாக அறுத்துப் பொருத்தும் இடத்தில்தான் வினை தொடங்குகிறது.

வளையம் வைத்த திருகாணியைத் தடியின் நுனியில் ஏற்றி, நாய்ச்சங்கிலியால் இணைப்பார்கள். நுனியில் ஏறும் ஆணி மரத்தின் நார்ப்போக்கிலேயே இறங்குவதால் பிடிமானம் குறைவு. ஒவ்வொரு சுழற்றும் அதை வெளியே இழுக்கிறது. நாலு நாள் உறுதியாக இருக்கும், பிறகு ஒரு வீச்சில் தடி கழன்று பக்கத்தில் நிற்பவர் முகத்துக்குப் போகும். தொடக்கத்துக்கு மரமும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். 25 சென்ரிமீற்றர் நீளத்தில் மெல்லிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு, மேலே தடித்த ஸ்பொஞ் இரண்டு சுற்று, இடையில் உள்ளங்கை அகலத்துக்கு நைலோன் கயிறு. குழாயின் விளிம்பில் கயிறு தேய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விளையாட்டுச் சாமான் என்று சிரிப்பவர், முழங்கையில் ஒருதரம் மரத்தடியால் வாங்கினால் ஸ்பொஞ் தேடுவார்.

தென்னையில் அடித்துப் பழகுவதும் கூடாது. தொங்கும் தடி மோதினால் வேகமாகத் திரும்பும். திரும்பும் வழியில் இருப்பது அடித்தவரின் தலை. படத்தில் அடி விழுவதில்லை. தடிக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வெளி தெரியாதபடி கமெராவை வைக்கிறார்கள்.

காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் சீனடி, சிலம்படி என்று கம்பு பழக்கும் தற்காப்புக் கலைகள் இருக்க, யூரியூப் பார்த்துக் கம்பு பழகுவது ஏன் என்பது வேறு கேள்வி. பாரமான கம்புதான் பலம் என்று வைரமரத்தில் வெட்டினால் மணிக்கட்டு நோகும். பிடி தளர்ந்ததும் கம்பு பறக்கும். பிரம்பு நல்லது, உடைந்தாலும் நாராகப் பிரியும். காய்ந்த மூங்கில் கூராகப் பிளக்கும். நீளம் புருவம் வரை. பிடித்தால் விரல் நுனி பெருவிரல் அடியைத் தொட வேண்டும். பழகுமுன் கம்பை ஒரு துணியால் இழுத்துத் துடையுங்கள். துணி சிக்கும் இடத்தில் சிராய் இருக்கும், அதை அரத்தாளால் தேய்த்துவிடலாம்.

விறாந்தையில் சுழற்ற வேண்டாம். மின்விசிறியும் தங்கச்சியும் அங்கேதான் இருப்பார்கள். ஆளுக்கு ஆள் குறைந்தது 3 மீற்றர் வெளி வேண்டும். கல்லடிக் கடற்கரை என்றால் காய்ந்த மணலில் கணுக்கால் புரளும், அலை நனைத்து இறுகிய மணலில் நில்லுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் கண்ணில் அடிக்கும், வெள்ளெனப் போய் முடித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 20 நிமிடம் போதும்.

கடையில் விற்கும் அலங்கார வாள் பழகுவதற்கல்ல. பிடிக்குள் போகும் கம்பி மெல்லியது, வீசும்போது அலகு பிடியின் அடியில் முறிந்து பறக்கலாம். முதல் கிழமையே பிள்ளையின் கையில் வாள் கொடுக்கும் ஆசிரியரிடமிருந்து பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள். காலடி பதியாமல் கம்பே கொடுக்கக்கூடாது.

கண்ணில் அடி பட்டால் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம். சிராய் குத்தி நின்றால் இழுக்காதீர்கள். கடதாசிக் கோப்பை ஒன்றால் கண்ணை மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை சத்தியெடுத்தாலோ தூங்கித் தூங்கி விழுந்தாலோ விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம், அப்போதே கொண்டுபோக வேண்டும்.